வியாழக்கிழமை டேப்

நீரதபரண் சமாத்தார் பதினோரு வருடமாக எந்த வெள்ளிக்கிழமையும் ஆபீஸிலிருந்து தனியாக வீடு திரும்பியதில்லை. கூடவே ஒரு டேப்பும் வரும். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு நாடா. லாஹிரி வக்கீல் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிற வழக்குகள், பத்திரங்கள், உயில்கள், கட்சிக்காரர்கள் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத விவகாரங்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கும். அதைத் துண்டில் சுற்றி, டிபன் பையில் காலி டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு சாந்த்பால் படித்துறைக்கு நடப்பார். ஆற்றைத் தாண்டுகிற லாஞ்சில் எஞ்சின் பக்கம் உட்கார மாட்டார். எஞ்சினில் காந்தம் இருக்கும், காந்தம் பட்டால் நாடாவில் எழுதியது அழிந்துவிடும் என்று எவனோ சொன்னதை மனுஷன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹௌராவில் லோக்கல் ரயில் பிடித்துத் தன் ஊரான கொன்னகரில் இறங்குகிறவரை பை மடியை விட்டு நகராது. கூட்டத்தில் யாராவது பையை மேலே வைக்கச் சொன்னால், "உள்ளே மீன் குழம்பு தாதா, கொட்டிரும்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார்.

இது பெரிய லாஹிரி சாகேப் போட்ட உத்தரவு. ஐகோர்ட்டுக்குப் பின்னால் அவர்கள் ஆபீஸ் இருக்கிற தெருவில் ஒரு தடவை பக்கத்துக் கட்டடம் தீப்பிடித்து, இன்னொரு சொலிசிட்டர் ஆபீஸின் எண்பது வருடக் காகிதம் ஒரே மத்தியானத்தில் கரியாகிப்போனது. அதை ஜன்னலில் நின்று பார்த்த சாகேப், டேப்பில் ஒன்று எப்போதும் கங்கைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆற்றைத் தாண்டி நெருப்பு வராது என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கம் வீடு இருந்தது டைப்பிஸ்டாக இருந்த நீரதபரணுக்குத்தான். அன்றிலிருந்து அவர் டேப்பாபு ஆனார்.

சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று முதுகில் சீட்டு ஒட்டிய நாலு டேப். வெள்ளிக்கிழமை காலையில் போன வார டேப் ஆபீஸுக்குப் போகும். சாயங்காலம் அன்றைக்கு எழுதிய டேப் வீட்டுக்கு வரும். வீட்டில் இரும்பு அலமாரியில், மனைவி கனகலதாவின் கல்யாணப் பனாரஸிப் புடவைக்கும் வேப்பிலைப் பொட்டலத்துக்கும் நடுவில் ஒரு வாரம் இருக்கும். நாலு வாரம் சுற்றி வந்ததும் அதே டேப்பின் மேல் புதிதாக எழுதுவார்கள். போனது, வந்தது எல்லாம் ஒரு நீளப் பதிவேட்டில் நீரதபரண் கையால் ஏறும்.

அந்த ஆடி மழையில் இதற்கெல்லாம் முடிவு வந்தது. டேப்பெல்லாம் பழைய காலம், இனி டிஸ்க் என்று சின்ன சாகேப்மார் தீர்மானித்தார்கள். பன்னிரண்டு டிஸ்க் வைத்த ஒரு இரும்புப் பெட்டி வந்து இறங்கியது. அது தானாகவே எழுதும். எழுதியதைக் கம்பி வழியாக ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொரு பெட்டிக்குத் தானாகவே அனுப்பும். யாரும் எதையும் மடியில் வைத்து ஆறு தாண்ட வேண்டாம். டேப்பில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் ஏற்ற சைபல் நஸ்கர் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது, அதிகம் பேசாத ஆள். ஒரு டேப்பைப் பழைய மெஷினில் போடுவார், அது உறுமிக்கொண்டு ஓடும், இவர் பொரியை வாயில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பார். ஏற்றி முடித்த டேப்பையெல்லாம் அரைத்துத் தூளாக்கி, இன்ன இன்ன எண் டேப் அழிக்கப்பட்டது என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். வக்கீல் ஆபீஸ் ரகசியம் அல்லவா, ஒன்றுகூட விடுபடக்கூடாது.

அந்தச் சான்றிதழில்தான் சனி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு டேப்பின் உடம்பிலும் கம்பெனிக்காரன் பதித்த எண் ஒன்று உண்டு. அதைப் பெரியபாபு ஹரிபத மைத்தி, கொள்முதல் ஏட்டில் பச்சை மையால் எழுதி வைத்திருந்தார். பெரியபாபு என்றால் தலைமைக் குமாஸ்தா. ஆபீஸில் எந்தப் பென்சில் எத்தனை அங்குலம் தேய்ந்திருக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் சைபல் நாலு டேப்பையும் அந்த ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீரத்பாபு, இந்த மஞ்சள் சீட்டு ஒட்டினது மஞ்சளே இல்லை. ஏட்டுல இது அஞ்சாவது, சும்மா இருப்புல வெச்சிருந்தது. அப்ப உண்மையான மஞ்சள் எங்க?"

நீரதபரண் வாய் திறப்பதற்குள் மைத்தி அலமாரியைத் திறந்து இருப்பு டேப்பின் உறையை எடுத்துவிட்டார். உலுக்கினார். உள்ளே ஒன்றுமில்லை.

அவ்வளவுதான். முப்பது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே கெட்டிலில் டீ குடித்த மைத்தி, நீரதபரணை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டி, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமையில் விரலை வைத்தார். 'மஞ்சள் திரும்பியது' என்று நீரதபரணின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணுள்ள டேப்பில் யாரும் எதுவும் எழுதவே இல்லை என்று சைபலின் திரை சொன்னது.

வேறு நேரமாக இருந்தால் இது ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் போன மாதம்தான் கோர்ட்டில் ஒரு அசிங்கம் நடந்திருந்தது. ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கு. லாஹிரி கம்பெனி முதலில் எழுதி, பிறகு வேண்டாம் என்று கிழித்துப்போட்ட பத்திர நகலை எதிர்க்கட்சி வக்கீல் நீதிபதி முன்னால் வரி வரியாகப் படித்தார். அந்த நகல் எழுதப்பட்டது மூன்று வருடத்துக்கு முன்னால், பூஜை மாதத்தில். அந்த எதிர்க்கட்சி வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பது யார் என்றால், மனோரஞ்சன். கனகலதாவின் உடன்பிறந்த தம்பி.

மைத்தி இதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் நீரதபரணைப் பார்க்காமல் சொன்னார். "மச்சான் நல்லா இருக்கானா நீரத்? புதுசா மாடி எடுத்துக் கட்டினானாமே."

பெரிய லாஹிரி சாகேப்புக்கு எழுபத்துநாலு வயது. சத்தம் போட மாட்டார். அவர் சத்தம் போடாததுதான் எல்லோருக்கும் பயம். நீரதபரணை எதிரில் உட்காரவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜன்மாஷ்டமி, கோர்ட் இல்லை. அதனால் வியாழன் நாலு மணிவரை பார்ப்பேன் என்றார். டேப் வந்தால் சரி. வராவிட்டால் போலீஸுக்கு எழுதி வைத்திருக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவேன். காகிதம் மேஜைமேல், கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்தது. ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி இருக்கிற மனுஷன் தன் பெயரை அதில் தலைகீழாகப் படித்துவிட்டு வெளியே வந்தார்.

உண்மை என்னவென்று அவருக்குத் தெரியும். பாதி உண்மை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கனகலதாவுக்கு வியாழக்கிழமை லட்சுமி வாரம். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு பிடி உப்புகூட வெளியே போகாது. பக்கத்து வீட்டுக்காரி கடன் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவாள். டிபன் டப்பா மட்டும் எப்படிப் போகிறது என்று கல்யாணமான புதிதில் அவர் கிண்டலாகக் கேட்டதற்கு, "அது சாயங்காலம் திரும்பி வந்துடுதில்ல. திரும்பி வர்றது போகலாம்" என்று பதில் சொல்லியிருந்தாள். டேப் வெள்ளிக்கிழமைதானே போகிறது, அதனால் தொந்தரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தால் டேப் மாற்றுவது வியாழனுக்கு வந்துவிடும். அப்போதெல்லாம் அவள் விட மாட்டாள். இவரும் வெறுங்கையோடு போய், ஏட்டில் 'திரும்பியது' என்று எழுதிவிட்டு, அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போவார். பெண்டாட்டி வியாழக்கிழமை விட மாட்டேன் என்கிறாள் என்று மைத்தியிடம் எந்த ஆண்பிள்ளை சொல்வான்? சொன்னால் தெரு முழுக்கச் சிரிக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் துர்கா பூஜை விடுமுறை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. வியாழன் காலையில் மஞ்சளைப் பையில் வைத்தார். கனகலதா பையிலிருந்து எடுத்தாள். அன்றைக்கு அவரும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தார். இது ஆபீஸ் பொருள், எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று குரலை உயர்த்தினார். "வீட்டுக்குள்ளே வந்து ஒரு வாரம் தங்கிடுச்சு. அப்புறம் என்ன ஆபீஸ் பொருள்?" என்று அவள் டேப்பை உள்ளே கொண்டுபோய்விட்டாள். விடுமுறை முடிந்து அலமாரியைத் திறந்தால் நீலம் இருந்தது, மஞ்சள் இல்லை. பூஜைக்கு வந்து ஐந்து நாள் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தவன் மனோரஞ்சன், வீட்டில் கூப்பிடுவது மோனு.

அப்போதே கனகலதாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. வெகுகாலத்துக்கு முன்னால் நீரதபரணின் அண்ணி, தன் கைக்கடிகாரத்தை மோனுதான் எடுத்திருப்பான் என்று ஒரு வார்த்தை சொன்னாள். கடிகாரம் கட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. ஆனால் கனகலதா பதினோரு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணி செத்தபோதுதான் போனாள். இதைப் பார்த்தவர் எப்படிக் கேட்பார்? இருப்பு டேப்பை எடுத்தார், அதில் மஞ்சள் சீட்டை ஒட்டினார், வாயை மூடிக்கொண்டார். மனதை மூட முடியவில்லை. அன்றிலிருந்து மோனு அக்கரையில் இருக்கிற பெனேட்டியிலிருந்து படகேறி வருகிறான் என்று தெரிந்தால், இவர் அலமாரிச் சாவியை எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் மாட்டிவிடுவார். மோனு கொண்டுவருகிற சந்தேஷ் இனிப்பை ஒன்றுக்கு இரண்டாகத் தின்றுகொண்டே அவன் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர். கனகலதா கிச்சடி வைத்து இல்லிஷ் மீன் பொரித்திருந்தாள். வருடத்தின் முதல் இல்லிஷ். வாசல்வரை எண்ணெய் மணம். நீரதபரண் தட்டின் முன்னால் உட்கார்ந்து மீனைப் புரட்டி வைத்துவிட்டு, கிச்சடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மழைநாளில் இல்லிஷை விட்டுவைக்கிற வங்காளிக்கு உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் மனசில் கள்ளம் இருக்கிறது. கனகலதா விசிறியைக் கீழே வைத்தாள்.

முதலில் வாய்வுத் தொல்லை என்றார். பிறகு ஆபீஸில் வேலை அதிகம் என்றார். அவள் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, அப்புறம், அப்புறம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் மனுஷன் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினார். மைத்தி சொன்னது, சாகேப்பின் காகிதம், நாளைக்கு நாலு மணி. சொல்லி முடித்ததும் மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்துவிட்டது.

"மோனு அந்த டேப்பை என்ன செஞ்சான்?"

கனகலதா அவரையே பார்த்தாள்.

"இதைத்தான் கேக்கணுமா?"

"ஆமா."

"வேற ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லையா?"

"வேற என்ன இருக்கு? அவன் வேலை பார்க்கிற இடம் அது. அவனை விட்டா நம்ம வீட்டுக்குள்ள யாரு வந்தா? நான் போலீஸ் ஸ்டேஷன் படியேறப் போறேன் கனக். இப்பவாவது சொல்லு. நீ அவன்கிட்ட கேட்டா சொல்லுவான்."

அவள் எழுந்தாள். அவர் தொடாத மீனை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்தாள். சமையலறையில் விளக்கு அணைந்தது.  நீரதபரண் படுத்தபடி யோசித்தார்: தம்பிக்காகப் பேசாமல் இருக்கிறாள், அவளுக்கும் தெரிந்திருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்துதான். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று ஒரு பக்கம் கூசியது. நினைப்பு மட்டும் நிற்கவில்லை.

வியாழன் காலையில் அவள் குளித்துச் சிவப்புக் கரைப் புடவை கட்டி, வாசலிலிருந்து பூஜை மாடம்வரை அரிசிமாவில் லட்சுமியின் பாதம் வரைந்துகொண்டிருந்தாள். டிபன் டப்பா மேஜைமேல் தயாராக இருந்தது. அவர் பாதங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து வெளியே போனார். 

ஆபீஸில் யாரும் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. மைத்தி தன் மேஜை இழுப்பறையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். இத்தனை வருடத்தில் அவர் பூட்டியதே இல்லை. அந்தச் சாவிச் சத்தம் நீரதபரணுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காலண்டருக்குப் பின்னால் தான் மாட்டி வைத்த சாவி அப்போது அவருக்கு நினைவு வந்ததா என்றால், வந்தது. உடனே அதை ஒதுக்கியும் தள்ளினார். மோனு வேறு, நான் வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழை விடவில்லை. சைபல் பச்சை டேப்பை வெளிச்சத்தில் பிடித்து, அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருப்பதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்குப் படிக்கட்டில் பேச்சுச் சத்தம். வாசல் தர்வான் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தான். "டேப்பாபு வீட்டுல இருந்து வர்றேன்" என்று ஒரு பெண்குரல் கேட்டது. நீரதபரண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கனகலதா இந்த ஆபீஸை வெளியே இருந்துகூடப் பார்த்ததில்லை. காலையில் கட்டிய அதே சிவப்புக் கரைப் புடவை, முழங்கால்வரை சேறு, நெற்றிக் குங்குமம் மழையில் லேசாகக் கலைந்திருந்தது. கையில் சிவப்புத் துணியில் சுற்றிய ஒன்றை மார்போடு பிடித்திருந்தாள். தனியாக லோக்கலிலும் லாஞ்சிலும் வந்திருக்கிறாள். புருஷனைப் பார்க்கக்கூட இல்லை. பெரிய சாகேப் எங்கே என்று கேட்டாள்.

அறைக்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவள் துணியைப் பிரித்தாள். உள்ளே டேப், உறையோடு. உறையின்மேல் குங்குமப் பொட்டு, இடுக்கில் நாலைந்து நெல்மணி. முதுகில் மஞ்சள் சீட்டு.

கீழே வைப்பதற்கு முன்னால் அவள் சாகேப்பைப் பார்த்து ஒன்று கேட்டாள். "பாபு, இது திரும்பி வருமா?"

சாகேப்புக்குப் புரியவில்லை. இல்லையம்மா, சரிபார்த்துவிட்டு அழித்துவிடுவோம், இனி எந்த டேப்பும் எங்கேயும் போகாது என்று நிதானமாகச் சொன்னார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு டேப்பை மேஜைமேல் வைத்துக் கையை எடுத்துக்கொண்டாள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த அறையில் தெரிந்தவர் ஒருவர்தான். 

"எங்கேம்மா இருந்தது?" என்றார் சாகேப்.

"பூஜை மாடத்துல, லட்சுமியோட நெல் கூடையில. அன்னிக்கு ரொம்ப முக்கியம், ரொம்ப முக்கியம்னு கத்தினார். அவ்வளவு முக்கியம்னா அம்மாகிட்டயே இருக்கட்டும்னு நெல்லுக்குள்ள வெச்சேன். அதுக்குள்ள ஆம்பளைங்க கை வைக்க மாட்டாங்க."

"மூணு வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே பாபு. இவரும் கேக்கலை. தேவைன்னா கேப்பார்னு இருந்தேன்."

மைத்தி தொண்டையைச் செருமினார். கூடையில் இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி, நடுவில் எவனாவது கொண்டுபோய் நகல் எடுத்துத் திருப்பி வைத்திருக்கலாமே என்றார். கேள்வி நியாயமானதுதான், வக்கீல் ஆபீஸில் பழுத்தவர். சாகேப் சைபலைப் பார்த்தார். சைபல் டேப்பைக் கையில் திருப்பினார். பூசணத்தின் சுவடே இல்லை. நெல் ஈரத்தையெல்லாம் குடித்திருந்தது. இதற்குள் நகத்தளவு ஒரு சில்லு உண்டு, கடைசி நாலு தடவை இதை எந்தெந்த மெஷினில் போட்டார்களோ அந்த மெஷின் எண்களை அதுவே எழுதி வைத்துக்கொள்ளும், மனுஷன் கையால் மாற்ற முடியாது என்று அவர் சொன்னார்.

பழைய மெஷின் டேப்பை விழுங்கியது. உறுமியது. கனகலதா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். நீரதபரண் திரையைப் பார்க்கவில்லை. நாலு எண் வந்தன. சைபல் மெஷினின் பின்பக்கம் குனிந்து, அதன் தகட்டில் இருந்த எண்ணை உரக்கப் படித்தார். நாலும் அதே எண். கடைசியாக எழுதியது பூஜைக்கு முந்தைய வாரத்து வெள்ளிக்கிழமை.

"இந்த டேப் இந்த மெஷினை விட்டு வேற எந்த வாய்க்குள்ளயும் போகலை சாகேப்."

சாகேப் கண்ணாடிக் குண்டை நகர்த்திக் காகிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஏட்டில் பொய் எழுதின கை இனி எந்த ஏட்டையும் தொட வேண்டாம், மிச்சம் இருக்கிற எட்டு மாதம் டைப் மேஜையில் உட்காரட்டும் என்றார். பிறகு மைத்தியின் பக்கம் திரும்பினார். அப்படியானால் அந்த நகல் வேறு வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது, இழுப்பறைச் சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுவா என்றார். மைத்தியின் முகம் வெளுத்தது. அடுத்த வாரம் முழுக்க ஆபீஸில் ஒருவருக்கு இன்னொருவர் டீ ஊற்றித் தரவில்லை.

திரும்புகிற லாஞ்சில் நீரதபரண் பழக்கத்தில் எஞ்சினை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். மடியில் காலிப் பை. கனகலதா ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். பாதி ஆறு தாண்டியதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மோனு வர்ற அன்னிக்கெல்லாம் சாவி காலண்டருக்குப் பின்னாடி போறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நீங்க வேற எதையோ மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். வேற எவளோ ஒருத்தி எழுதின கடுதாசியோ என்னவோன்னு. மூணு தடவை அலமாரியைக் குடைஞ்சு பார்த்தேன். வேப்பிலைப் பொட்டலத்தைக்கூடப் பிரிச்சுப் பார்த்தேன். என் தம்பியைத் திருடன்னு நினைச்சிருப்பீங்கன்னு மட்டும் எனக்குத் தோணவே இல்லை."

"கனக், நான்..."

"என்கிட்ட சொல்ல வேண்டாம்."

அந்த வெள்ளிக்கிழமை ஜன்மாஷ்டமிக்குப் பனம்பழ வடை சுட்டாள், அவருக்கும் வைத்தாள். பேச்சு உப்பு புளி அளவில் நடந்தது. ஒரு வாரம் போனது. டைப் மேஜையில் ஐந்து மணிக்குமேல் வேலை இல்லாததால், அடுத்த வியாழக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் மாக்கோலப் பாதம் காயாமல் இருந்தது. உள்ளே தேங்காயும் வெல்லமும் கிளறுகிற மணம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எட்டு நாளாக யோசித்ததை அப்போது சொன்னார். "பெனேட்டி வரைக்கும் போயிட்டு வர்றேன். மோனு வீட்டுல இருப்பான் இல்ல, இந்நேரம்?"

கனகலதா உள்ளே போனாள். வரும்போது கையில் அவருடைய டிபன் டப்பா. தேங்காய் வெல்ல உருண்டைகளை அடுக்கி மூடியிருந்தாள். டேப்பைச் சுற்றுகிற அந்தத் துண்டிலேயே சுற்றி, அந்தப் பையிலேயே வைத்து நீட்டினாள்.

"இன்னிக்கு வியாழக்கிழமை" என்றார் நீரதபரண்.

"தெரியும். உருண்டை அவனுக்கு. டப்பா திரும்பி வரணும், அதுக்காகத்தான் அனுப்புறேன்." எட்டு நாளில் முதல்முறையாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எடுத்துட்டு வராதீங்க. அங்கயே வெச்சிட்டு வாங்க. நீங்க நினைச்சது எல்லாத்தையும் உங்க வாயால அவன்கிட்ட சொல்லுங்க, டேப், சாவி, ஒண்ணு விடாம. ஞாயித்துக்கிழமை அவனே டப்பாவைக் கொண்டுவந்து குடுத்தான்னா சரி."

"வரலைன்னா?"

"வரலைன்னா இனிமே வெள்ளிக்கிழமையும் இந்த வீட்டுல இருந்து எதுவும் போகாது, உங்க டிபன்கூட."

பாதங்களை மிதிக்காமல் ஓரமாக இறங்கிப் படித்துறைக்கு நடந்தார். மழை விட்டிருந்தது, ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. அக்கரைக்குப் போகிற படகில் நல்ல கூட்டம். எஞ்சினுக்குத் தூரமாக இடம் தேடி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர், பையைக் கீழே வைங்க தாதா, முட்டி இடிக்குது, உள்ளே என்ன மீன் குழம்பா என்றார்.

"இல்லை" என்றார் நீரதபரண். "என் மச்சானுக்குச் சேர வேண்டியது."

பை கரை சேருகிறவரை மடியிலேயே இருந்தது.